குரங்குக்கு வாழைப்பழம் போட்டா புண்ணியமா?



அடுத்த மாதம் நம்ம கோயில் தொண்டர்களும் இளைஞர் பிரிவும் பினாங்கு தேசியப் பூங்காவில் ஒரு நாள் நடக்கப் போறோம். பேர் கொடுத்தவங்கள்ல பல பேர் என்கிட்ட கேட்டது, "அண்ணே, அங்க குரங்குங்களுக்குப் போட எத்தனை சீப்பு வாழைப்பழம் வாங்கலாம்?" ஒரு பழம்கூட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

போகாதவங்களுக்காக முதல்ல பாதையைப் பற்றி. தெலுக் பகாங்கில் நுழைஞ்சதும் பாதை கடலை ஒட்டியே போகும். கொஞ்ச தூரத்தில் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் மலை ஏறி இறங்கினா ஆமைகள் முட்டையிட வரும் கெராச்சுட் கடற்கரை. நாம போறது கடலோரமா, தெலுக் ஆலிங் வழியா தெலுக் டுயோங். மங்கி பீச்னு எல்லாரும் சொல்ற இடம் அதுதான். அங்கிருந்து செங்குத்தா ஏறினா, 1883-ல் கட்டிய மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம். மரத்து வேரும் பாறையும்தான் படிக்கட்டு. மழை பெஞ்சிருந்தா வழுக்கும். இந்தப் பாதையில் ஒரு குரங்கு பையைப் பிடிச்சு இழுத்தா, பயந்து பின்னால கால் வைக்கிறவங்க எங்க போய் விழுவாங்க? கீழே பாறை, அதுக்குக் கீழே கடல்.

நான் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஒருத்தருக்கு அடிபட்டா, அடிபட்ட இடத்தை மட்டும் பார்த்தா போதாது, எது காரணம்னு தேடணும். குரங்கு கடிச்சதுன்னா அதுக்கும் காரணம் இருக்கு. முன்னாடி வந்த யாரோ பழம் கொடுத்திருப்பாங்க. மனுசன் கையில் பை இருந்தா அதுல சாப்பாடு இருக்கும்னு அது கத்துக்கிச்சு. அடுத்து வர்றவங்க கொடுக்கலேன்னா பிடுங்குது, பல்லைக் காட்டுது. குரங்கு பல்லைக் காட்டினா சிரிக்குதுன்னு நம்ம பிள்ளைங்க கிட்ட போறாங்க. அது பயத்தையோ எச்சரிக்கையையோ காட்டுற அறிகுறி.

அதுக்கு அப்புறம் நடக்கிறதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். கடி வாங்கினவங்க புகார் கொடுப்பாங்க. புகார் கூடினா அதிகாரிங்க கூண்டு வைப்பாங்க, பிடிச்ச குரங்குகளைக் கொல்றதும் நம்ம நாட்டில் நடக்குது. பழம் போட்டவர் புண்ணியம் சேர்த்ததா நினைச்சு வீட்டுக்குப் போயிடுவார். உயிரை விடுறது அந்தக் குரங்கு. இதை எப்படி தர்மம்னு சொல்ல முடியும்?

"ஆஞ்சநேயர் அம்சமாச்சே, வாயில்லா ஜீவன், பசியோட விடலாமா?"ன்னு பெரியவங்க கேட்பாங்க. அவங்க பக்தியை நான் குறை சொல்லல. ஆனா இந்த நீண்டவால் குரங்குக்கு அங்க பசி கிடையாது. காட்டில் அத்திப் பழமும் இளந்தளிரும் இருக்கு, கரையில் நண்டு இருக்கு. நண்டு தின்னும் குரங்குன்னே இதுக்கு இன்னொரு பேர் உண்டு. பழத்தைத் தின்னுட்டு விதையைக் காடெல்லாம் துப்பி மரம் வளர்க்கிற வேலையும் இதுதான் செய்யுது. நாம ரொட்டியும் பழமும் கொடுத்துக் கடற்கரையிலேயே உட்கார வச்சா, அந்த வேலையும் கெட்டுப் போகும். எங்க பார்த்தாலும் இருக்குன்னு நினைக்கிற இந்த இனத்தை, உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளதா 2022-ல் பட்டியலில் சேர்த்துட்டாங்க. பக்கத்துச் சிங்கப்பூரில் 2020-ல் இருந்து காட்டு விலங்குக்கு உணவு கொடுக்கிறதே குற்றம், முதல் தடவைக்கே 5,000 டாலர் வரை அபராதம்.

சுந்தர காண்டத்தை நினைச்சுப் பாருங்க. நடுக்கடலில் மைநாக மலை எழுந்து, இளைப்பாறிக் கனி கிழங்கு சாப்பிட்டுப் போன்னு ஆஞ்சநேயரை உபசரிச்சது. அவர் அன்போட கையால் தொட்டுட்டு, ராம காரியத்துக்குப் போயிட்டார். அந்தக் குரங்குகளுக்கும் அதுங்க காரியம் இருக்கு. நாம நடுவில் நிற்காம ஒதுங்கி வழி விடணும்.

அதனால வர்றவங்க எல்லாருக்கும் என் வேண்டுகோள். சாப்பாட்டை மூடி போட்ட டப்பாவில் வச்சு, முதுகுப் பைக்குள்ள வச்சிடுங்க. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்க விடாதீங்க. குரங்கு கிட்ட வந்தா ஓடாதீங்க, கண்ணைப் பார்த்து முறைக்காதீங்க, மெதுவா நகருங்க. பிள்ளைங்க பெரியவங்க நடுவில் வரட்டும். நல்ல பிடிப்புள்ள காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணி கட்டாயம். பழத்தோல் உட்பட எல்லாக் குப்பையும் நம்ம பையிலேயே திரும்பி வரணும்.

பழம் வாங்க ஒதுக்கின காசு இருந்தா கோயில் அன்னதானத்துக்குக் கொடுங்க. சனிக்கிழமை வந்து சாப்பிடுற பெரியவங்க பல பேருக்கு உண்மையிலேயே பசி இருக்கு.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, பேசுவோம். பேர் கொடுக்காதவங்க இந்த வாரத்துக்குள்ள கொடுத்துடுங்க.

ஜெய் ஆஞ்சநேயா. எல்லாரும் நல்லா இருக்கணும்.