‘அது ஏன்?’ என்று கேட்கும் அம்மாக்கள்

ஜார்க்கண்ட் மாநிலம், மேற்கு சிங்பூம் மாவட்டத்தின் பழங்குடிக் கிராமங்கள். மாதம் ஒருமுறை அங்கே பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, மாமியார் என யாரும் வரலாம். நடுவில் படம் வரைந்த அட்டைகள். கூட்டத்தை நடத்துபவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்தான்.

அவர் ஒரு கதை சொல்வார். பிறந்த சில நாளில் ஒரு குழந்தை இறந்துபோகிறது. ஏன்? தொப்புளில் சீழ் பிடித்துவிட்டது. அது ஏன்? கொடியை அறுத்த பிளேடு சுத்தமில்லை. அது ஏன்? வலி எடுத்த பிறகுதான் பிளேடையே தேடினார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டு, என்ன செய்யலாம் என்ற பதிலுக்கு அந்தப் பெண்களே வந்து சேர்வார்கள். புது பிளேடு, கொதிக்கவைத்த நூல், பிரசவம் பார்ப்பவர் கை கழுவ சோப்பு. எல்லாம் சில ரூபாய் சமாச்சாரம்!

‘ஏக்ஜுட்’ என்ற தொண்டு நிறுவனம், ஜார்க்கண்ட் மற்றும் ஒடிசாவின் 3 மாவட்டங்களில் 2005 முதல் 2008 வரை இதைச் சோதித்துப் பார்த்தது. குழுக்கள் இருந்த ஊர்களில், பிறந்த 28 நாட்களுக்குள் குழந்தை இறப்பது, குழுக்கள் இல்லாத ஊர்களைவிட 32 சதவிகிதம் குறைவு. 2010-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. இத்தனைக்கும் ஆஸ்பத்திரிப் பிரசவம் பெரிதாகக் கூடவில்லை. மாறியது வீட்டுப் பழக்கம்தான். மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மனச்சோர்வும் வெகுவாகக் குறைந்திருந்தது. மனம்விட்டுப் பேச நாலு பேர் இருந்தால் குறையாதா என்ன!

எங்கும் இப்படிப் பலித்துவிடவில்லை. அதே 2010-ல் வெளியான பங்களாதேஷ் ஆய்வில் பலன் தெரியவில்லை. அங்கே ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒரு குழு. கர்ப்பிணிகளில் பலர் கூட்டத்துக்கே வரவில்லை. பிறகு சுமார் 300 பேருக்கு ஒன்று என்று குழுக்களைக் கூட்டினார்கள். அப்போது அங்கும் சிசு மரணம் குறைந்தது. பெயருக்கு ஊருக்கு ஒரு குழு வைத்தால் போதாது, பக்கத்துத் தெருவிலேயே வேண்டும்.

செலவு குறைவுதான், ஆனால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. கூட்டம் நடத்த ஊர் ஊராகப் போகிற பெண்ணுக்கு ஊதியம் தர வேண்டும். பின்னாளில் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் அரசின் ‘ஆஷா’ பணியாளர்களே ஊக்கத்தொகை பெற்று இந்தக் கூட்டங்களை நடத்தினார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்விலும் சிசு மரணம் சுமார் 30 சதவிகிதம் குறைந்திருந்தது.