இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான்

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலோ உத்தர வீதியிலோ மாலை வேளையில் நடந்து செல்லுகிறவர்களின் காதில் ஒரு சம்பாஷணை விழாமல் போகாது. "என்ன மாமி, உங்காத்து அம்பி இப்போ எங்கே இருக்கான்?" என்று ஒரு வாசலிலிருந்து கேள்வி கிளம்பும். "இன்னும் படிச்சுண்டிருக்கான்" என்று பதில் வரும். அம்பி பி.எஸ்ஸி. தேறி நான்கு வருஷமாகிறது என்பது கேட்டவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார் என்பது பதில் சொன்ன அம்மாளுக்கும் தெரியும். காவேரிப் பாலத்தைத் தாண்டி உறையூருக்கோ பாலக்கரைக்கோ போனால் பேச்சு சற்று மாறுகிறது. "தம்பி என்னக்கா பண்ணுது?" "பரீட்சைக்குப் படிக்குதும்மா." விஷயம் ஒன்றேதான். வேலை தேடுகிறான் என்று சொல்ல எந்த வீட்டிலும் நா எழுவதில்லை.

இதில் பொய் ஏதுமில்லை என்பதுதான் விசித்திரம். பிள்ளை உண்மையாகவே படித்துக்கொண்டிருக்கிறான். மாவட்ட மைய நூலகத்துக்குக் காலையில் சென்று பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். என்ன படிக்கிறான்? ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல், ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல். பௌதிகத்திலும் கணிதத்திலும் வர்த்தகத்திலும் பட்டம் பெற்றவர்கள், பன்னிரண்டு வயதில் அட்டையைக் கிழித்து எறிந்த புத்தகங்களை மறுபடி தேடி வாங்கி, வரிக்கு வரி அடிக்கோடிட்டு மனனம் செய்கிறார்கள். ஏனெனில், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 பரீட்சை பத்தாம் வகுப்புத் தரத்தில் நடப்பது. கேள்விகள் 200, அவற்றில் 100 தமிழிலிருந்து. கல்லூரியில் கழித்த மூன்று வருஷங்களுக்கு அதில் ஒரு மார்க்கும் கிடையாது. தேறினால் கிராம நிர்வாக அலுவலர் ஆகலாம், தட்டச்சர் ஆகலாம், இளநிலை உதவியாளர் ஆகலாம். குமாஸ்தா என்ற பழைய பெயரைத்தான் எடுத்துவிட்டார்களே தவிர, மேஜை மாறவில்லை.

இந்தப் பரீட்சையின் கணக்கைப் பெற்றோர் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2022-ஆம் வருஷம் முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். 2024-இல் முதல் அறிவிப்பில் 6,244 இடங்கள். விண்ணப்பங்கள் சுமார் 20 லட்சம். 2025-இல் 3,935 இடங்கள் என்றார்கள். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல். பின்னால் இடங்களைச் சிறிது கூட்டுவது வழக்கமென்றாலும், மூன்று தடவையும் முதல் அறிவிப்பின்படி ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் நின்றிருக்கிறார்கள். அந்த முந்நூறு பேரும் நன்றாகவே படித்தவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஒருவருக்குத்தான் நாற்காலி. மீதிப்பேர் அத்தனை பேரும் சோம்பேறிகளா? "எதிர்வீட்டுப் பெண் பாஸ் பண்ணிவிட்டாளே, உனக்கு என்ன கேடு?" என்று சாதம் பரிமாறும்போது கேட்கிற தகப்பனார்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் பெரியவர்கள் ஓர் உபதேசத்தை எடுப்பார்கள். "சர்க்கார் உத்தியோக மோகமே இதற்குக் காரணம். கைத்தொழில் செய்யக் கூடாதா, வியாபாரம் செய்யக் கூடாதா?" என்பது அவர்களுடைய வாதம். மிகவும் பழைய உபதேசம் இது. 1920-இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது கலாசாலைகளை விட்டு வெளியேறிய மாணவர்களுக்கும் சொல்லப்பட்டது. அதன் பிறகு தேசியப் பத்திரிகைகள் சளைக்காமல் சொல்லி வந்தன. அதில் தேசாபிமானம் இருந்தது, வாஸ்தவம். ஆனால் பிள்ளைகள் அதை ஏன் கேட்பதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அதற்கு மேல் அகவிலைப்படி. என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக் கடையில் விசாரித்தால், பட்டதாரிக்கும் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்றுதான் சொல்லுகிறார்கள். வேலையோ காலை முதல் இரவு வரை. கடைச் சிப்பந்திகள் உட்காருவதற்கு ஆசனம் போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் தனியாகச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிற இளைஞன் மோகம் கொண்டவன் அல்லன், கணக்குத் தெரிந்தவன். வியாபாரம் செய் என்று சொல்லும் பெரியவர் முதல் போடுவதற்கு ஒரு லட்சம் கொடுப்பாரா என்று கேட்டால், அவருக்குச் சந்தியாவந்தனத்துக்கு நேரமாகிவிடும்.

நாம் இவ்வாரம் எழுத வந்தது பிள்ளைகளைப் பற்றியல்ல, அந்தப் பெரியவர்களைப் பற்றியே. "நன்றாகப் படி, உத்தியோகம் தானாக வரும்" என்ற வாக்கியத்தை அவர்கள் வேத வாக்காக எண்ணுகிறார்கள். அது எப்போது மெய்யாக இருந்தது, எவ்வளவு காலம் மெய்யாக இருந்தது?

திருச்சிராப்பள்ளி கலாசாலைகளின் ஊர். நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883-இல் மலைக்கோட்டையின் அடிவாரத்துக்கு வந்தது. 1919-இல் நேஷனல் காலேஜ் உண்டாயிற்று. பெண்களுக்கென்று ஹோலி கிராஸ் கல்லூரி 1923-இல் தொடங்கிற்று. தென்னிந்திய ரயில்வேயின் தலைமைக் காரியாலயம் இவ்வூரில் இருந்தபடியால், பி.ஏ. தேறியவர்களில் பலருக்கு ரயில்வே ஆபீசே மோட்சமாக இருந்தது. ஆயினும் அந்த மோட்சத்தின் வாசல் குறுகலானது. 1926-இலேயே சென்னை மாகாண சர்க்கார், படித்தவர்களின் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஆராய ஒரு கமிட்டி நியமித்தார்கள்; மறுவருஷம் அறிக்கை வெளிவந்தது. 1929-இல் இந்தியாவின் முதல் மாகாண சர்வீஸ் கமிஷன் சென்னையில் ஏற்பட்டது. ஐக்கிய மாகாணத்தில் ஸர் தேஜ் பகதூர் ஸாப்ரு இதே வியாதியைப் பற்றி 1935-இல் பெரியதோர் அறிக்கை எழுதினார். ஆகவே இன்றைய தாத்தாவின் தகப்பனார் காலத்தில், பட்டம் வாங்கிவிட்டுத் தெருவில் நின்றவர்கள் ஏராளம். அவர்களையும் அக்காலத்துப் பெரியவர்கள் சோம்பேறிகள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சுயராஜ்யம் வந்தபின் நிலைமை மாறியது. 1951-இல் தென்னக ரயில்வே உருவானபோது தலைமைக் காரியாலயம் சென்னைக்குப் போய்விட்டது; ஊருக்கு அது பெரிய அடி. ஆனால் அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் அதைவிடப் பெரிய வரவு வந்தது. 1964-இல் துவாக்குடியில் மண்டலப் பொறியியற் கல்லூரி. 1965-இல் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை. 1966-இல் துப்பாக்கித் தொழிற்சாலை. கொதிகலன் ஆலையை நம்பிச் சிறு பட்டறைகள் வரிசையாக எழுந்தன. அதே சமயத்தில் பள்ளிக்கூடங்கள், பாங்கிகள், மின்சார வாரியம் எல்லாம் விரிந்துகொண்டே போயின. பட்டதாரிகளோ அப்போது கொஞ்சம் பேர்தான். வேலை வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டிய காலம் என்று அதைச் சொல்லலாம். ஒரு தலைமுறை, மிஞ்சினால் ஒன்றரைத் தலைமுறை. அந்தக் காலத்தில் உத்தியோகம் பெற்றவர்கள்தான் இன்று ஓய்வுபெற்று வாசலில் அமர்ந்து "அம்பி எங்கே இருக்கான்?" என்று கேட்கிறவர்கள்.

அந்த நல்ல காலத்தின் வாசற்படியில் நின்ற ஒருவரின் கதையை எல்லோரும் அறிவார்கள். ஆனால் பாதியைத்தான் அறிவார்கள். ராமேசுவரத்து அப்துல் கலாம் 1954-இல் புனித வளனார் கல்லூரியில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தேறினார். பட்டம் வாங்கின பிறகே, தாம் படித்திருக்க வேண்டியது பௌதிகமல்ல என்று அவருக்குத் தெரிந்தது. அறிவியல் படித்தவனுக்கு என்னென்ன வழிகள் உண்டு என்று அதுவரை தமக்கு யாதொரு தகவலும் கிடையாது என்று தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சென்னை எம்.ஐ.டி.யில் சேர வேண்டிய பணத்துக்காக அவருடைய தமக்கையார் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். படிப்பு முடிந்து, விமானப்படையில் சேரும் ஆசையுடன் டேராடூனுக்குப் போனார். பரீட்சிக்கப்பட்டவர்கள் 25 பேர், எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை, கலாம் ஒன்பதாவது! பிறகு 1958-இல் ராணுவ இலாகாவின் விமானத் தொழில்நுட்பப் பிரிவில் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் அமர்ந்தார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவும் அதே கல்லூரியில் பௌதிகம் படித்து, அதே எம்.ஐ.டி.க்குப் போனவரே. அவரும் முதலில் சிவில் விமானத் துறை, பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று சர்க்காரைச் சேர்ந்த ஸ்தாபனங்களில்தான் உழைத்தார்.

மேடைகளில் கலாமின் கனவைப் பற்றிச் சொல்லுகிறார்கள். அடகுக் கடைக்குப் போன வளையலைப் பற்றியும், ஒன்பதாவது இடத்தைப் பற்றியும் அவ்வளவாகச் சொல்லுவதில்லை. ஒன்பதாவதாக வந்தவருக்கு வேறொரு கதவு திறந்தது. அதற்குக் காரணம் அவருடைய திறமை மட்டுமல்ல. தேசம் அப்போது புதிது புதிதாகக் கதவுகளைக் கட்டிக்கொண்டிருந்தது. இன்று ஒன்பதாவதாக நிற்கிற பையன் மறுபடி ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

1984-க்குப் பிறகு சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் முளைத்த கதையை விவரிக்கப் போவதில்லை. வீட்டை அடமானம் வைத்து பி.இ. படிக்க வைத்தவர்களும், அந்த பி.இ.யும் இப்போது குரூப் 4 வரிசையில் நிற்பதைக் காண்பவர்களும் நேயர்களிலேயே இருப்பார்கள்.

பெண்களின் விஷயம் வேறு. பையனுக்குக் காத்திருப்பதற்கு ஐந்து வருஷம் கொடுக்கிற வீடு, பெண்ணுக்கு இரண்டு வருஷம் கொடுப்பதில்லை. தமிழ்நாட்டில் 1989 முதல் அரசாங்க வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கினார்கள். ஹோலி கிராஸிலும் சீதாலக்ஷ்மி ராமசுவாமி கல்லூரியிலும் நம் பெண்கள் வகுப்பில் முதலாவதாகத் தேறுகிறார்கள். ஆனால் பரீட்சையின் ஹால் டிக்கட்டு வருவதற்கு முன்னால் ஜாதகம் வெளியே போய்விடுகிறது. முதல் தடவை நூலிழையில் தவறினவள் இரண்டாந்தடவை எழுதுவதற்கு மாமியார் வீட்டில் அனுமதி கேட்க வேண்டும். பையனுடைய காத்திருப்புக்குப் படிப்பு என்று பெயர். அவளுடைய காத்திருப்புக்கு அந்தப் பெயர்கூடக் கிடைப்பதில்லை. ஒரு குடும்பத்தில் நியாயமாக இரண்டு தடவை என்று வைத்தால், அது இருவருக்கும் இரண்டாக இருக்க வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த ஏழைப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை, மூன்று வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போய்வரவும், ஒரு டீ குடிக்கவும் அது போதும். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரியிலிருக்கும்போதே தொழிற் பயிற்சி தருகிறார்கள். கொதிகலன் ஆலையை நம்பின பட்டறைகளுக்கு அனல் மின் நிலைய வேலைகள் குறைந்தபோது நேர்ந்த கஷ்டத்தைக் கண்டவர்கள், பயிற்சி வேறு, பயிற்சி பெற்றவனை எடுத்துக்கொள்ளும் ஆலை வேறு என்பதையும் அறிவார்கள். துவாக்குடியில் பூட்டின பட்டறைகளைத் திறப்பதற்கு ஒரு வழி காண்பது, புதிதாக நூறு பயிற்சி வகுப்புகள் தொடங்குவதைவிட மேல் என்று நாம் கருதுகிறோம்.

வீடுகள் தம்மளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எத்தனை தடவை எழுதுவது, அதுவரை செலவு யாருடையது, இடையில் அரை நாள் வேலைக்குப் போகலாமா என்பதைப் பிள்ளையையோ பெண்ணையோ எதிரில் உட்காரவைத்து முதல் வருஷத்திலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். பேசாமல் விடுவதால்தான் ஐந்தாவது வருஷத்தில் சாதத் தட்டின் முன்னால் அது வெடிக்கிறது.

கல்லூரிகளும் ஒரு காரியம் செய்ய வேண்டும். 2016 முதல் மத்திய சர்க்கார் தரவரிசை வெளியிடுகிறார்கள். அதில் பங்குகொள்ளும் கல்லூரிகள், தேறினவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுத்தரச் சம்பளம் என்ன, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை என்று வருஷந்தோறும் கணக்குக் கொடுக்கின்றன. கணக்கு இருக்கிறது; ஆனால் விண்ணப்பம் வாங்கும் தகப்பனாரின் கண்ணில் அது படுவதில்லை. இதைப் பாடம் பாடமாகப் பிரித்து, தமிழில் எழுதி, கட்டணம் வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏன் ஒட்டக் கூடாது? 1954-இல் ஓர் இளைஞருக்குக் கிடைக்காத தகவல் இன்றும் கிடைக்காமலிருப்பதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. வருகிற கோடையில் கல்லூரி வாசலில் நிற்கப்போகும் நேயர்கள், கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போதே இதையும் கேட்கக் கோருகிறோம். கிடைக்கிற பதிலை நமக்கு எழுதி அனுப்பினால், கல்லூரியின் பெயரை விட்டுவிட்டு இப்பகுதியில் பிரசுரிப்போம்.