சின்ன ஜிம்முக்கு அமைதி எதுக்கு? (த்ரெட்)

1/ இப்போ சின்ன ஊர்லகூட கடைக்கு மேல மாடியில ஒரு ஜிம் வந்துடுச்சு. நல்ல விஷயம். ஆனா உள்ள போனா பெரும்பாலும் ஒரே மாதிரி: கருப்பு பெயின்ட், சிவப்பு எல்இடி, நாலு பக்கமும் கண்ணாடி, காதைக் கிழிக்கிற பாட்டு. உடற்பயிற்சி அதிகம் தேவைப்படுறவங்களை வாசல்லயே திருப்பி அனுப்புறது இந்த அலங்காரம்தான் என்பது என் கருத்து.

2/ வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, கூடவே 2 நாளாவது தசைகளுக்கான பயிற்சி. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது இது. நடக்க ரோடு இருக்கு. தசைப் பயிற்சிக்கு எங்க போறது? "அங்க பசங்கதான் இருக்காங்க டாக்டர், கூச்சமா இருக்கு" என்பதுதான் சுகர், பிரஷருக்கு மாத்திரை வாங்க வர்ற அம்மாக்கள் சொல்ற பதில்.

3/ இடம் 500 சதுர அடிதான்னு வெச்சுக்குவோம். முதல் செலவு காற்றுக்கு. ஓய்வா இருக்கும்போது நிமிஷத்துக்கு 6-8 லிட்டர் காற்றை உள்ள இழுக்கிறோம். கடும் பயிற்சியில 60 லிட்டரைத் தாண்டும். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ள இருக்கிறதையே குளிர வைக்கும். அதனால ஜன்னலை பிளைவுட் அடிச்சு மூடாதீங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம்.

4/ அடுத்து சத்தம். 85 டெசிபல்னா 8 மணி நேரம் வரை தாங்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம்! நீங்க ஒரு மணி நேரத்துல கிளம்பிடுவீங்க, டிரெய்னர் நாள் முழுக்க அங்கதான். வெறும் சுவர், கண்ணாடி, டைல்ஸ் எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ரப்பர் மேட், கனமான திரைச்சீலை போட்டாலே வித்தியாசம் தெரியும். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு"ன்னு ஒருத்தர் மெதுவா சொன்னா டிரெய்னர் காதுல விழணும். அதான் அளவு.

5/ கண்ணாடி ஒரு சுவர்ல போதும், பயிற்சியைச் சரியா பண்றோமான்னு பார்க்க. மத்த சுவருக்குப் பளபளப்பில்லாத வெளிர் நிறம். பெஞ்சுல மல்லாந்து படுக்கும்போது கண்ணுல அடிக்காத மாதிரி விளக்கு. ரோட்டைப் பார்த்த கண்ணாடிக்கு ஃபிராஸ்டட் ஃபிலிம் ஒட்டுங்க. வெளிச்சம் வரும், வேடிக்கை பார்க்கிற கண் வராது.

6/ பளபள டைல்ஸ்ல வேர்வை சொட்டினா வழுக்கும், ரப்பர் தரை நல்லது. "செருப்பு, ஷூ வெளியே" போர்டு வைக்காதீங்க. சுகர் இருக்கிற சிலருக்குக் கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், அடிபட்டாலே தெரியாது. உள்ள போட தனி ஷூ வெச்சுக்கச் சொல்லுங்க. டம்பெல்ஸ் தரையில கிடக்காம ரேக்ல இருக்கட்டும். மாடிப்படிக்குக் கைப்பிடி, உள்ள சாய்மானம் உள்ள நாற்காலி ரெண்டு.

7/ ரொம்ப முக்கியமானது காலி இடம். ஒருத்தர் மயங்கி விழுந்தா படுக்க வெச்சு, பக்கத்துல முட்டி போட்டு சிபிஆர் பண்ண இடம் வேணும். மாரடைப்பு வந்து இதயம் நின்னுட்டா, சிபிஆரும் மின் அதிர்ச்சியும் இல்லாம போற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பு 7-10% குறையும். ஒரு மெஷின் குறைச்சு வாங்குங்க. ஸ்ட்ரெச்சர் போற வழியில எதையும் அடுக்காதீங்க. 108-ம் ஜிம்மோட முழு முகவரியும் சுவர்ல பெருசா இருக்கட்டும். பதற்றத்துல முகவரி வாயில வராது.

8/ "இப்படி இருந்தா பசங்க வரமாட்டாங்களே?" சாயங்காலம் அவங்களுக்குப் பாட்டு போடுங்க, அளவா. காலையில பத்து மணியில இருந்து நாலு மணி வரை காலியா கிடக்குற இடத்துக்கும் வாடகை கொடுக்குறீங்கல்ல? இல்லத்தரசிகளும் ரிட்டயர் ஆனவங்களும் வர்ற நேரம் அதுதான்.

9/ இதுல பாதி, வாங்காம விட வேண்டிய பொருள்தான். அமைதின்னா ஆடம்பரம் இல்லைங்க, முதல் நாள் பயந்துகிட்டே வர்றவங்க ரெண்டாவது நாளும் வர வைக்கிற ஏற்பாடு. ஜிம் ஆரம்பிக்கப் போற நண்பர் இருந்தா, இன்டீரியர் காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க.