தவணை முறையில் ஒரு தலையெழுத்து!

“வேலையை விடாமலே எம்.பி.ஏ. ஆகலாம்! வீட்டிலிருந்தே படிக்கலாம்! வாழ்க்கையையே மாற்றிக்கொள்ளலாம்!” இந்த மந்திரம் இன்று நம் இளைஞர்களின் கைப்பேசியில் காலையும் மாலையும் ஓதப்படுகிறது. சரக்குக் கம்பெனியில் பில் போடுகிறவரும், மருந்துப் பையுடன் டாக்டர் வாசலில் காத்திருக்கும் விற்பனைப் பிரதிநிதியும், இரவெல்லாம் அயல்நாட்டானின் ஏச்சைக் கேட்கும் கால் சென்டர் ஊழியரும் இதற்கு மயங்குவதில் வியப்பில்லை. தாராவியிலும் செம்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் நடத்துகிறவனுக்கு மேலான வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை குற்றமா? இல்லை. அந்த ஆசையைக் கடன் பத்திரமாக்கிக் காசு பண்ணுகிறார்களே, அதுதான் குற்றம்!

நாம் படிப்புக்கு எதிரிகள் அல்லர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற விரல்களை நம்பித்தான் நம் முன்னோர் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். உழைத்துக்கொண்டே படிக்க விரும்பிய ஏழைகளுக்காக, அண்ணல் அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் 1946இல் இதே நகரில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்து காலை வகுப்புகளை நடத்தியது. அது கல்வி. இன்று நடப்பது சந்தை.

இணையவழிப் பட்டங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் விரிவான ஒழுங்குமுறை வகுத்தது. உரிய அனுமதியோடு தரப்படும் இணையவழிப் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் பெறும் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஏட்டில் சமம், நேர்முகத் தேர்வு அறையில்? முழுநேர எம்.பி.ஏ.வின் மதிப்பு பாடப்புத்தகத்தில் மட்டும் இல்லை. கம்பெனிகள் கல்லூரி வாசலுக்கே வந்து ஆள் எடுப்பதில் இருக்கிறது. கோடைக்காலப் பயிற்சியில் இருக்கிறது. அவற்றைக் கழித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் கையில் கொடுத்தால், சமம் என்ற சொல் யாருக்குச் சோறு போடும்?

“படித்து முன்னேறியவர்கள் இல்லையா?” என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு கம்பெனியில் காலூன்றி, பதவி உயர்வுக்குப் பட்டம் ஒன்றே குறையாக இருந்தவருக்கு இது பயன்படும். ஆனால் தொழிலையே மாற்றத் துடிப்பவரிடம் புதிய முதலாளி கேட்கும் முதல் கேள்வி, “இந்த வேலையில் அனுபவம் உண்டா?” என்பதுதான். விளம்பரமோ முன்னவரின் படத்தைக் காட்டிப் பின்னவருக்கு விற்கிறது!

விற்பவர் யார்? ‘ஆலோசகர்’ என்று பேசுகிறவர் பெரும்பாலும் ஆசிரியர் அல்லர். மாத இலக்கு வைத்து வேலை வாங்கப்படும் விற்பனையாளர். அவரும் நம்மைப் போன்ற கூலிதான். ‘கடைசிப் பத்து இடம்’ என்று அவர் அவசரப்படுத்துவது இலக்கை முடிக்கத்தான். கல்வித் தொழில்நுட்பக் கம்பெனிகளோடு கிளை ஒப்பந்தம் போட்டுப் பட்டப்படிப்பு நடத்தக் கூடாது என்று மானியக் குழு 2022இல் எச்சரித்தது. கட்டணம் ‘வட்டியில்லாத் தவணை’ என்று வரும்போது, கையெழுத்து விழுவது பல நேரங்களில் ஒரு கடன் கம்பெனியின் தாளில். படிப்பை நடுவில் நிறுத்தலாம், தவணை நிற்காது!

அங்கீகாரம் என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்களின் கதையும் நம் நாட்டில் உண்டு. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலை வழியில் தந்த பொறியியல் பட்டங்கள் குறித்து 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவர்கள் மறுபடி தேர்வு எழுத வேண்டும் என்றானது. பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. பின்தேதியிட்டு அனுமதி கொடுத்த அதிகாரிகளை நீதிமன்றம் கண்டித்தது. ஆனால் பட்டத்தையும் அதனால் வந்த பதவி உயர்வையும் இழந்து நின்றது, வேலை பார்த்துக்கொண்டே படித்த ஊழியர்தான்.

இதன் வேரைப் பாருங்கள். ஆளைச் சேர்த்துப் பயிற்சி கொடுப்பது முதலாளியின் செலவாக இருந்தது. இன்று அந்தச் செலவு தொழிலாளியின் தலையில். தன் பணத்தில், தன் தூக்கத்தைக் கெடுத்து, அவனே தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டுமாம்! எல்லோர் கையிலும் பட்டம் வந்துவிட்டால், நேற்று பட்டதாரி செய்த வேலைக்கு இன்று எம்.பி.ஏ. கேட்பார்கள், சம்பளம் மட்டும் நேற்றையதாகவே இருக்கும்.

ஆகவே, தோழர்களே, கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்! அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் நீங்கள் சேரும் பருவத்துக்கு அனுமதி பெற்றவையா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகக் கட்டுங்கள். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1989இல் நாசிக்கில் தொடங்கிய யஷ்வந்த்ராவ் சவான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகிய அரசு நிறுவனங்களின் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். “இந்தப் பட்டம் வாங்கினால் பதவி உயர்வு உண்டா?” என்று உங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். சங்கமாகக் கேட்டால் பதில் சொல்வார்கள். ஊழியரின் படிப்புச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும்; தேர்வுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். இதை நம் தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். நம் தமிழ்ச் சங்கங்கள் வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேசை, ஒரு விவரமறிந்த ஆள் என்று ஒதுக்கி, இளைஞர்கள் கொண்டுவரும் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துச் சொல்லட்டும். பட்டிமன்றத்துக்குப் பந்தல் போடத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா?