புதிய பைத்தானில் எது இல்லை என்று முதலில் பாருங்கள்

பைத்தான் நிரல்மொழியின் 3.14 பதிப்பு 2025 அக்டோபர் 7-ஆம் தேதி வெளிவந்தது. அன்று முதல் என்னிடம் படிக்கும் மாணவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "சார், இதுல புதுசா என்ன இருக்கு?"

ஷா ஆலமில் வார இறுதி நாள்களில் படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்கும் டிப்ளோமா படிப்பவர்களுக்கும் நிரலாக்கம் சொல்லித் தருகிறவன் நான். என்னைக் கேட்டால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "இதில் எது இல்லாமல் போயிற்று?" என்பதுதான். புதிதாக வந்த வசதியை நீங்கள் பயன்படுத்தாமலே இருந்துவிடலாம். அதனால் உங்கள் நிரலுக்கு ஒரு குறையும் வராது. ஆனால், நீக்கப்பட்ட ஒன்றை உங்கள் நிரல் நம்பியிருந்தால் அது அப்படியே நின்றுவிடும்.

பைத்தான் இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தில், புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற தொகுதி நீக்கப்பட்டது. நிரல் பொதிகளைக் கணினியில் நிறுவுவதற்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டது அது. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் ஒரேயடியாக 19 பழைய தொகுதிகள் போயின. சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். இவை திடீரென்று நடந்தவை அல்ல. பல பதிப்புகளுக்கு முன்பே எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் நீக்கினார்கள். ஆனால், அந்த எச்சரிக்கை 2018-இல் பதிவான யூடியூப் காணொளியைப் பார்த்துப் படிக்கும் மாணவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்? காணொளியில் ஓடுவது தன் மடிக்கணினியில் ஓடவில்லை என்றதும், "எனக்கு கோடிங் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறான். அவனுக்கு நன்றாகவே வருகிறது. காணொளிக்குத்தான் வயதாகிவிட்டது.

இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. என்னிடம் படித்த ஒரு மாணவி, தன் கல்லூரி ஒப்படைப்பில் 'மேட்ச்' என்ற கட்டளையைப் பயன்படுத்தியிருந்தாள். அது 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்துதான் உண்டு. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருந்ததோ 3.8. வீட்டில் ஓடிய நிரல் அங்கே முதல் வரியிலேயே பிழை காட்டியது. "ஓடவில்லை" என்று மதிப்பெண் குறைக்கப்பட்டது. ஒப்படைப்புத் தாளில் எந்தப் பதிப்பு என்று ஒரு வரிகூட இல்லை. எழுத்தின் அளவு 12 ஆக இருக்க வேண்டும், பக்கத்துக்கு இவ்வளவு ஓரம் விட வேண்டும் என்றெல்லாம் அதே தாளில் விவரமாக இருந்தது! விரிவுரையாளர்களே, பதிப்பு எண்ணை எழுதுங்கள். மாணவர்களே, எழுதியிருக்காவிட்டால் முதல் வகுப்பிலேயே கேளுங்கள். உங்கள் நிரலின் தலைப்பிலும் ஒரு குறிப்பாக அந்த எண்ணைப் போட்டு வையுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் பழையதையே வைத்துக்கொள்வோம், எதற்கு வம்பு?" என்று சொல்பவர்கள் உண்டு. ஆசிரியர்களிலும் உண்டு. அவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. தமிழ் பேசும் நமக்கு அப்படிச் சொல்லும் உரிமை மற்றவர்களைவிடக் குறைவு என்றே நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

2008 டிசம்பர் 3-ஆம் தேதி பைத்தான் 3.0 வந்தபோது உலகம் முழுக்க நிரலர்கள் முணுமுணுத்தார்கள். பைத்தான் 2-இல் எழுதிய நிரல்கள் பல அதில் ஓடவில்லை. 'பிரிண்ட்' கட்டளைக்குக்கூட அடைப்புக்குறி போட வேண்டியிருந்தது. பழையதற்கு ஆதரவை 2015-இல் நிறுத்துவதாக இருந்தார்கள், முடியவில்லை. 2020 ஜனவரி 1 வரை தள்ளிப்போட்டார்கள். அவ்வளவு சிரமம் எதற்காக? முக்கியமான காரணங்களில் ஒன்று எழுத்து. பைத்தான் 3-இல் ஒரு சரம் என்றாலே அது யுனிகோடு சரம். ஆங்கிலம் எழுதுகிறவருக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. நமக்கு அதுதான் எல்லாமே.

நீங்களே சோதித்துப் பாருங்கள். 'ஷா ஆலம்' என்ற பெயரின் நீளம் எவ்வளவு என்று பைத்தான் 2-இல் 'லென்' போட்டுக் கேட்டால், சாதாரணச் சரத்துக்கு 19 என்று பதில் வரும். அது எழுத்தை எண்ணவில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள்; ஆறு குறிகளுக்கு 18, இடைவெளிக்கு 1. பைத்தான் 3-இல் அதே கேள்விக்கு 7 என்று வரும். இன்னும் சரியில்லைதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால், பைட்டிலிருந்து குறிக்கு வந்துவிட்டது. அதுமட்டுமல்ல, மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'மதிப்பெண் = 85' என்று எழுதினால் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். எண்ணாக மாற்றும் 'இன்ட்' கட்டளைக்கு ௧௪ என்று தமிழ் எண்களைக் கொடுத்தால் 14 என்று திருப்பித் தரும். தமிழில் நிரல் எழுதுவதற்காக முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழி எழுதப்பட்டதும் பைத்தானில்தான்.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் மலேசியர். தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரில் நடந்தது. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு குறியீட்டில் தமிழை எழுதிய காலம் அது. ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் மற்றவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். 'பழையதே போதும்' என்று எல்லாரும் இருந்திருந்தால் நீங்கள் இன்று வாட்ஸ்அப்பில் தமிழில் எழுத முடியுமா?

சரி, 3.14-க்கு வருகிறேன். (கணித ஆசிரியர்கள் 'பை' என்று சிரிப்பது கேட்கிறது.) புதுமைகளில் மாணவர்களுக்கு உண்மையிலேயே பயன்படுவது என்று நான் நினைப்பதை விளம்பரப்படுத்த ஆளில்லை: பிழைச் செய்திகள். 3.10 பதிப்பிலிருந்தே இதில் தொடர்ந்து வேலை நடக்கிறது. அடைப்புக்குறியை மூட மறந்தால், முன்பெல்லாம் அடுத்த வரியைக் காட்டிக் குழப்பும். இப்போது திறந்த இடத்தையே காட்டி, இது மூடப்படவில்லை என்கிறது. 3.11 வரியின் எந்தப் பகுதியில் தவறு என்று அடிக்கோடு போடுகிறது. உங்கள் கோப்புக்கு 'ரேண்டம்' என்று பெயர் வைத்துவிட்டு அதே பெயருள்ள தொகுதியை அழைத்தால், பெயர் மோதுகிறது, மாற்றிப் பாருங்கள் என்று 3.13 சொல்கிறது. இந்தத் தவறை என் வகுப்பில் ஒவ்வொரு புதிய குழுவிலும் ஒருவராவது செய்கிறார். 3.14-இல், 'வைல்' என்ற சொல்லில் ஓர் எழுத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டால்கூட, இதைத்தான் எழுத நினைத்தீர்களா என்று கேட்கிறது.

வருத்தம் என்னவென்றால், இந்தச் செய்திகளைப் படிக்க ஆளில்லை. சிவப்பு எழுத்து வந்ததும் அப்படியே நகலெடுத்து செயற்கை நுண்ணறிவிடம் ஒட்டிவிடுகிறார்கள். விடை வருகிறது, ஓடுகிறது, மறந்துபோகிறது. தேர்வு மண்டபத்தில் அந்த நண்பன் பக்கத்தில் இருக்க மாட்டான். பிழைச் செய்தி பெரும்பாலும் ஒரே ஒரு எளிய ஆங்கில வாக்கியம்தான். முதலில் கடைசி வரியைப் படியுங்கள். பிறகு வரி எண்ணைப் பாருங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.

அடுத்து டி-ஸ்ட்ரிங். பலர் இதை, 2016-இல் வந்த எஃப்-ஸ்ட்ரிங்கின் தம்பி என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். நம் பெயர்களை வைத்தே விளக்கலாம். 'குமரன் ஏ/எல் ராஜூ' என்ற மாணவனுக்குச் சான்றிதழ் தயாரித்து, அவன் பெயரிலேயே கோப்பைச் சேமிக்க ஒரு நிரல் எழுதுகிறீர்கள். ஓட்டினால் பிழை. ஏனென்றால், அந்தச் சாய்கோட்டைக் கணினி கோப்புறையைப் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொள்கிறது. 'குமரன் ஏ' என்ற கோப்புறையைத் தேடி, இல்லை என்கிறது. ஏ/எல், ஏ/பி உள்ள நம் பெயர்களை இணையப் படிவங்கள் ஏற்க மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுதியவர் நம்மை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எஃப்-ஸ்ட்ரிங் பெயரையும் மற்ற வாசகத்தையும் உடனே ஒட்டி ஒரே சரமாக்கிவிடும். பிறகு எது பெயர், எது நீங்கள் எழுதியது என்று பிரிக்க முடியாது. டி-ஸ்ட்ரிங் இரண்டையும் தனித்தனியாகவே கையில் கொடுக்கிறது. ஒட்டும் முன் பெயரை மட்டும் எடுத்துச் சாய்கோட்டை மாற்றலாம். தரவுத்தளத்துக்குள் தீய கட்டளைகளை நுழைப்பதைத் தடுக்கவும் இதே வழி உதவும். இணைய நிரலாக்கம் படிக்கும் டிப்ளோமா மாணவர்கள் இதை ஒருநாள் உட்கார்ந்து படிக்கலாம்.

ஒரே நேரத்தில் பல இழைகளை உண்மையாகவே ஓடவிடும் வசதியும் இப்பதிப்பில் அதிகாரபூர்வ ஆதரவு பெற்றிருக்கிறது. மாமாக் கடையில் நான்கு பேர் நின்றாலும் கரண்டி ஒன்றுதான் என்றால் எப்படி இருக்கும்? பைத்தான் இத்தனை நாள் அப்படித்தான் இருந்தது. இப்போது ஆளுக்கொரு கரண்டி. ஆனால் அது தனியாக நிறுவ வேண்டிய வடிவம். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டிய ஒன்று வேறு இருக்கிறது. 3.14-இல் இரண்டு பிழைகளைச் சேர்த்துப் பிடிக்க, 'எக்செப்ட்' என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் காற்புள்ளி போட்டே எழுதலாம். தட்டச்சு மிச்சம், நல்லதுதான். ஆனால், பழைய பைத்தான் 2 நூல்களில் இதே வடிவத்துக்கு வேறு பொருள்: காற்புள்ளிக்குப் பின் வருவது, பிடித்த பிழையை வைத்துக்கொள்ளும் மாறியின் பெயர். பைத்தான் 3.0 முதல் 3.13 வரை அப்படி எழுதினால் உடனே பிழை வரும், தெரிந்துகொள்வோம். இப்போது வராது. நிரல் ஒழுங்காக ஓடுவதுபோல் இருக்கும். உண்மையிலேயே ஒரு பிழை நேரும்போதுதான், அப்படி ஒரு பெயரே இல்லை என்று விழும். பழைய நூலகப் புத்தகத்திலிருந்து வரிகளை எடுப்பவர்கள் கவனியுங்கள். இந்த மாற்றம் இல்லாமலே இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

"சார், என் லேப்டாப்புல ஏறவே மாட்டேங்குது" என்று சொல்லும் பிள்ளைகளையும் நினைக்கிறேன். விண்டோஸ் 7 உள்ள கணினியில் பைத்தான் 3.8-க்கு மேல் போகாது. 3.13 முதல் விண்டோஸ் 10 வேண்டும். அந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. அண்ணன் பயன்படுத்தியதை வாங்கிக்கொண்டவர்களும், 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கிடைத்ததை வைத்துச் சமாளிப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் புதியது வாங்கு என்று சொல்வது எளிது. பழைய கணினியில் லினக்ஸ் போட்டால் பெரும்பாலும் மறுவாழ்வு கிடைக்கும். கூகுள் கோலாப் உலாவியிலேயே ஓடும், கைப்பேசியில்கூடத் திறக்கலாம். செக்‌ஷன் 13-இல் ராஜா துன் உடா நூலகம் இருக்கிறது. வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால் அங்கே போய் உட்காருங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஒப்படைப்புக்கு முந்தின வாரம் புதிய பதிப்புக்கு மாறாதீர்கள். மாற விடுமுறை இருக்கிறது.

எண்ணும் கணக்கைப் பாதியில் விட்டேன். 'ஷா ஆலம்' என்பதில் எத்தனை எழுத்து என்று தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளையைக் கேளுங்கள். ஷா, ஆ, ல, ம் என்று விரல் விட்டு நான்கு என்று சொல்லும். பைத்தான் 3.14-இலும் 'லென்' 7 என்றுதான் சொல்கிறது. துணைக்காலையும் புள்ளியையும் இடைவெளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'ஓப்பன் தமிழ்' என்ற இலவசப் பொதியில் இதற்கு வழி உண்டு. ஆனால், முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். இடைவெளியை விட்டுவிடு, உயிர்மெய்க்குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு. பத்து வரியில் முடிந்துவிடும், 4 என்று சரியாக வரும். வந்ததும், அதே நிரலுக்கு நம் ஊர்ப் பெயர் 'ஸ்ரீ மூடா'வைக் கொடுங்கள். ஸ், ரீ, மூ, டா என்று அது நான்காக எண்ணும். கண்ணுக்கு மூன்றுதான் தெரிகிறது. எந்த எண் சரி, அதற்கு எந்த வரியை மாற்ற வேண்டும்?