எஃபா மேன்லி கேட்ட விலை

ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கிய 1947 ஏப்ரல் 15-ஆம் நாள், அமெரிக்க பேஸ்பால் வரலாற்றில் விடுதலை நாளாகவே எழுதப்படுகிறது. எந்த விதிப் புத்தகத்திலும் இடம்பெறாமல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கறுப்பின ஆட்டக்காரரை விலக்கி அணி உரிமையாளர்கள் தமக்குள் காத்துவந்த நிறத்தடை அன்று உடைந்தது என்பதில் ஐயமில்லை. அது எவ்வாறு உடைக்கப்பட்டது என்பதைக் கணக்கேட்டின் பக்கமிருந்து கேட்டவர்கள் மட்டும் மிகச் சிலர். அவர்களுள் முதன்மையானவர், நியூ ஜெர்சி மாநிலத்தின் நெவார்க் ஈகிள்ஸ் அணியைக் கணவர் ஏப் மேன்லியுடன் சேர்ந்து நடத்திய எஃபா மேன்லி.

1920-இல் ரூப் ஃபாஸ்டர் கான்சஸ் சிட்டி நகரில் அணி உரிமையாளர்களைக் கூட்டித் தொடங்கிய நீக்ரோ நேஷனல் லீக்கும், அது சிதைந்தபின் அதே பெயரில் மீண்டும் எழுந்த லீக்கும், விளையாட்டு அமைப்புகளாக மட்டுமன்றிக் கறுப்பின மக்களின் பெரிய வணிகங்களாகவும் இருந்தன. வங்கிகளின் கதவு திறக்காத காலத்தில், ‘நம்பர்ஸ்’ எனப்பட்ட சட்டத்துக்குப் புறம்பான எண் சூதாட்டத்தில் ஈட்டிய பணமே சில அணிகளுக்கு முதலாயிற்று. ஏப் மேன்லியின் பணமும் அவ்வழியில் வந்ததுதான். ஈகிள்ஸ் ஆடிய ரூப்பர்ட் மைதானமோ நியூயார்க் யாங்கீஸ் நிறுவனத்தின் உடைமை. கறுப்பின ஆட்டக்காரரைத் தம் அணியில் சேர்க்காத முதலாளிகளுக்கு, அவர்கள் ஆடும் நாளில் கிடைத்த வாடகை கசக்கவில்லை.

டாட்ஜர்ஸின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி 1945-இல் ராபின்சனை எடுத்துக்கொண்டபோது, அவர் ஆடிவந்த கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஒரு டாலரும் தரவில்லை. கறுப்பினத்தாரின் லீக்குகள் முறையான அமைப்புகளே அல்ல, அவற்றின் ஒப்பந்தங்கள் யாரையும் கட்டுப்படுத்தா என்பது அவர் வாதம். வெள்ளையர் லீக்குகளில் ஆட்டக்காரரை அடுத்த ஆண்டும் அதே அணியோடு பிணைத்துவைக்கும் ‘ரிசர்வ்’ விதி இரும்பாக இருந்தது. கறுப்பின அணிகளின் ஒப்பந்தங்களோ பல நேரங்களில் தளர்வானவை, 1937-இல் சாட்செல் பெய்ஜ் முதலிய முன்னணி வீரர்கள் கூடுதல் ஊதியம் தேடி டொமினிக்கன் குடியரசுக்குப் போய்விட்டதையும் மறுக்க இயலாது. ஆகவே ரிக்கியின் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் தளர்ந்த ஒப்பந்தத்தை ஒப்பந்தமே இல்லை என்று கொள்வது வேறு. கறுப்பினத்தவரின் உடைமை உடைமையே அல்ல என்ற பழைய எண்ணத்தைத்தான், தடையை உடைத்த அதே கை மீண்டும் எழுதிற்று. மோனார்க்ஸ் தரப்பில் முதலில் எழுந்த எதிர்ப்பும் விரைவில் அடங்கியது. தம் இளைஞன் ஒருவனின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்றவர் என்ற பெயரை யார்தான் ஏற்பார்?

ஈகிள்ஸின் பந்துவீச்சாளர் டான் நியூகோம்பையும் ரிக்கி இவ்வாறே ஈடின்றி எடுத்துக்கொண்டார். எஃபா வாளாவிருக்கவில்லை. 1947 கோடையில் கிளீவ்லாந்து அணியின் பில் வெக், ஈகிள்ஸின் லாரி டோபியைக் கேட்டு வந்தபோது விலை பேசப்பட்டது: 10,000 டாலர், டோபி அணியில் நிலைத்தால் மேலும் 5,000. டோபி வெள்ளையராக இருந்திருந்தால் இத்தொகை 1,00,000 ஆகியிருக்கும் என்று எஃபா வெக்கிடமே சொன்னதாகக் கூறுவர். மிகையன்று.

1946-இல் மோனார்க்ஸை வென்று வாகை சூடிய ஈகிள்ஸின் ஆட்டங்களுக்கு அவ்வாண்டு சுமார் 1,20,000 பேர் வந்திருந்தனர். மறு ஆண்டு அதில் பாதிகூட வரவில்லை, ராபின்சனைக் காணவே மக்கள் திரண்டனர். 1948 பருவத்தின் முடிவில் மேன்லி தம்பதியர் அணியை விற்றனர், நீக்ரோ நேஷனல் லீக்கும் கலைந்தது.

அப்போதும் ஒரு கணக்கு மிஞ்சியிருந்தது. ஈகிள்ஸின் மாண்டி இர்வினை டாட்ஜர்ஸ் விலையின்றிப் பெற முனைந்தபோது எஃபா வழக்கறிஞரை நாடினார். ரிக்கி பின்வாங்க, 1949-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் 5,000 டாலர் கொடுத்து இர்வினைப் பெற்றது. வழக்கறிஞருக்கும் அணியை வாங்கியவருக்கும் உரியது போகத் தமக்கு எஞ்சிய பங்கில் எஃபா ஒரு மென்மயிர் மேலாடை வாங்கிக்கொண்டார்.