மல்லிகைக்கு நாணமோ?

நறுமணம் பூசிக்கொள்வது மேனாட்டு மோகம், தமிழ்ப் பண்புக்கு ஒவ்வாதது என்று மேடைதோறும் முழங்குவாரும் உளர். அவர்களுள் சிலர் சிலப்பதிகாரத்தைப் பாடமாக நடத்துவோர் என்பதே வியப்பு. கடலாடு காதையில் மாதவி நீராடுகிறாள். பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலை ஆட்டி, நறும்புகையில் உலர்த்துகிறாள். துறவியாகிய இளங்கோவடிகள் கூசாமல் எழுதியதைச் சொல்ல நம் பேச்சாளர் கூசுகின்றார்!

அகில் இந்நாட்டு மண்ணுக்கும் உரியது. மலாய்க்காரர் கஹாரு என்பது அதனையே. அம்மரத்தின் அறிவியற் பெயரில் மலாக்காவின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரம் காயமுற்றுப் பூஞ்சை பற்றிய இடத்தில் ஊறும் கரும்பிசினே அம்மணத்தின் பிறப்பிடம். அளவின்றி வெட்டியதால் மரம் அருகவே, 1995 முதல் அதன் வாணிகம் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. இத்தகைய பொருளையா அயலார் ஆடம்பரம் என்பது?

பேச்சாளரை விடுவோம். பெருங்கேடு வேறோரிடத்தில் உள்ளது. பிற இனத் தோழியர் முகஞ்சுளிப்பரோ என்றஞ்சி, தாய் சூட்டிய மல்லிகைச் சரத்தைக் கல்லூரி வாயிலிலேயே கழற்றிக் கைப்பைக்குள் திணிக்கும் தமிழ்ப் பெண்கள் இலரா? அதே பெண் மாலையில் பேரங்காடிக்குச் சென்று, பிரெஞ்சுப் பெயர் தாங்கிய குப்பியை விலைகொடுத்து வாங்குகிறாள். உள்ளே என்ன? பல வேளைகளில் மல்லிகையே! தமிழ்நாட்டு வயல்களில் விடியுமுன் பறித்த மலரின் சாரம் கப்பலேறிப் பிரான்சு நாட்டு மணத்தொழிற்கூடங்களுக்குப் போகிறது. மலிவான குப்பியாயின் அதுவும் இல்லை. வேதிக்கூடத்தில் கட்டிய மல்லிகையின் நிழல்தான். கூந்தலில் இருந்தால் இழிவு, குப்பியில் இருந்தால் உயர்வா?

வாங்குவதையேனும் ஆராய்ந்து வாங்குகின்றனரா? தாள்துண்டில் தெளித்து ஒருமுறை மோந்தவுடன் பணப்பையைத் திறக்கின்றனர். முதலில் எழும் எலுமிச்சை மணம் சில நிமிடங்களில் பறந்துவிடும். அடியில் தங்கும் சந்தனமோ கத்தூரியோதான் உடன் வருவது. மணிக்கட்டில் ஒரு துளியிட்டு, ஓரிரு மணி நேரம் கழித்தே முடிவு செய்தல் வேண்டும். வெப்ப நாட்டில் மணம் விரைந்தெழும்; குளிர்நாட்டார் அளவு இங்கு மிகை. அணிந்தவர் மூக்கிற்கோ தம் மணம் விரைவில் பழகிவிடும். மறைந்தது என்றெண்ணி மேலும் தெளிப்பர். அடுத்த இருக்கையில் உள்ளவர் தும்முவார். இதற்குச் சான்று தேட ஆசிரியர் அறையைத் தாண்ட வேண்டியதில்லை.

ஆசிரியர் பொறுப்பு என்ன? துவர் பத்து, விரை ஐந்து, ஓமாலிகை முப்பத்திரண்டு எனத் தேர்வுக்காக எண்ணிக்கையை மனனம் செய்விக்கின்றனர். ஒரு சந்தனக் கட்டையை வகுப்பிற்குக் கொணர்ந்து, கல்லில் உரைத்து, மாணவர் உள்ளங்கையில் தடவிக் காட்டியவர் எத்தனை பேர்? எந்தப் பூசைப் பொருட்கடையிலும் அது கிடைக்கும்.